முப்பத்தாறும் தொண்ணூறும்

அங்குலம் போய் சென்டிமீட்டர் வந்த காலம். நான் புதிதாகச் சேர்ந்திருந்த திருப்பூர் பனியன் கம்பெனியில் 36 என்ற ரப்பர் சீலை எடுத்து வைத்துவிட்டு பனியனில் 90 என்று குத்த ஆரம்பித்தோம். செக்கிங்கில் இருந்த எனக்கு அதில் ஒரு வில்லங்கமும் தெரியவில்லை.

சரக்கு போன மறு வாரமே, சேலத்து வியாபாரி வரதராஜன் பண்டல்களைத் திருப்பிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் சரக்கில் பாதி அவர் கடைக்குத்தான் போகும். அவர் கைவிட்டால் பாதிப் பேருக்கு வேலை இல்லை, முதலில் வெளியே போவது புதுசான நான்தான்.

"ஏனுங்க, முப்பத்தாறு இஞ்சுன்னா தொண்ணூத்தி ஒண்ணரை சென்டிமீட்டரு வருது. நீங்க தொண்ணூறு போட்டிருக்கறீங்க. மிச்சத் துணி எங்கீங்க போச்சு?"

கணக்கு சரிதான். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் மாரிமுத்து, துணி மேல் வைத்து வெட்டுகிற அட்டையையே தூக்கிக்கொண்டு வந்தார். "அட்டை மாறவே இல்லீங்க. சீலு மட்டுந்தான் மாறுச்சு."

"அட்டைக்கென்னங்க, இதைக் காலைல கூடப் புதுசா வெட்டியிருப்பீங்க."

மாஸ்டருக்கு முகம் சிவந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "உங்க சைஸும் முப்பத்தாறுதானுங்க? போட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். பழைய ஸ்டாக்கில் ஒன்று, புதுசில் ஒன்று எடுத்து, சீல் மேல் காகிதம் ஒட்டிக் கொடுத்தேன்.

முதல் பனியனைப் போட்டுக் கையைத் தூக்கினார், குனிந்தார். "அக்குள்ல புடிக்குதுங்க. இதுதான் உங்க தொண்ணூறு." அடுத்ததைப் போட்டதும் முகம் தெளிந்தது. "இதுங்க முப்பத்தாறு."

காகிதத்தை உரித்தேன். அவர் போட்டிருந்ததில் 90 என்று இருந்தது. முதலில் சிரித்தது மாஸ்டர்தான். வரதராஜனும் சேர்ந்து சிரித்தார், நல்ல மனுஷர். ஆனால் பண்டலைக் காட்டிச் சொன்னார்: "எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க, ஒத்துக்கறேன். கடைக்கு வர்றவங்க போட்டுப் பாக்கறாங்களா? தொண்ணூறுன்னதும், ஆனைக்குங்களான்னு கேக்கறாங்க."

அதுவும் நியாயம்தான். பொழுது சாய்வதற்குள் அத்தனை பனியனிலும் 90-க்குப் பக்கத்தில் 36-ஐயும் குத்தினோம். சரக்கு சேலத்துக்கே போனது, என் வேலையும் தப்பியது. அன்றைக்கு நான் குடித்த டீ போல அப்புறம் ஒரு டீ அமையவில்லை.

கணக்கில் சமமில்லாதது உடம்புக்குச் சமமாக இருந்தது, கடைக்குப் போனால் மறுபடி சமமில்லை. மூன்றும் சொன்னது சரிதான். இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரெண்டும் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று கேட்டுவிட்டு சீலை எடுங்கள்.