கறுப்புத் துண்டு

துறைமுகத்தில் இருபது வருஷம் நிலக்கரி இறக்கியதில் சுடலைக்கண்ணுவுக்கு மிஞ்சியது இருமல்தான். “ஊரை விட்டு நல்ல காத்துள்ள இடத்துக்குப் போங்க” என்று டாக்டர் சொன்ன மாதமே, அருணாசலவடிவு புருஷனையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு கோத்தகிரிக்குக் குடிவந்துவிட்டாள்.

தூத்துக்குடி வீட்டில் ஜன்னல் கட்டையைத் தொட்டாலே விரல் கறுத்துவிடும். இங்கே அவர் தினமும் காலையில் கட்டையைத் தடவி, விரலைச் சின்னப்பிள்ளை மாதிரி நீட்டிக் காட்டுவார்.

“ஏளா வடிவு, பாரு. ஒரு பொட்டுக் கரி இல்ல. பொழச்சிட்டேன்ளா!”

அவளும் சிரித்து வைப்பாள். அவர் இருமித் துப்பும் வெள்ளைத் துண்டை, அவர் கண்ணில் படுமுன் வாங்கித் துவைப்பவள் அவள்தான். சளி கன்னங்கரேலென்று இருக்கும். மலையேறி வந்தும் அந்தப் பாழாய்ப்போன கரி அவரை விட்டபாடில்லை.

நேற்று அவரே துண்டை விரித்துப் பார்க்கப் போனார். பாய்ந்து பிடுங்கிவிட்டாள். விடிந்ததும் கடைவீதிக்கு ஓடினாள்.

“அண்ணாச்சி, நாலு துண்டு. கறுப்புல குடுங்க.”

கார்த்திகை பிறந்திருந்தது. கடைக்காரர் முகம் மலர்ந்தது. “வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரா?”

“ஆமா.”

“சாமி நல்லபடியா போயிட்டு வரட்டும்மா” என்று துண்டுகளைக் கண்ணில் ஒற்றி நீட்டினார்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.