வீக்கம் என்று எழுதினேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், 'துருத்து' என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. தேயிலைச் செடியை வெட்டிவிட்ட மட்டத்துக்கு மேலே ஒரு கொழுந்து துருத்திக்கொண்டிருந்தால் கங்காணி கத்துவார். கூரைத் தகரத்தில் துருத்திய ஆணி துணியைக் கிழிக்கும். கோபத்தில் நான் உதட்டைத் துருத்தினால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த எனக்கு மட்டும் அந்தச் சொல் பிடிக்காது. புத்தகத்தில் வராத சொல் என்று நினைத்தேன். அப்படி ஒரு திமிர்.

மஸ்கெலியாப் பக்கம் அடைமழை கொட்டிய ஓர் ஆடி மாதம், அப்பா மலையில் வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். தோல் கிழியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு உள்ளிருந்து தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. தோட்டத்து டாக்டர் ஐயா இருந்தது நாலு மைல் கீழே. கடிதம் அனுப்பினால், அதைப் படித்துவிட்டுத்தான் வருவதா மருந்து மட்டும் கொடுப்பதா என்று அவர் முடிவு செய்வார்.

"எலும்பு துருத்திக்கிட்டு நிக்கிதுன்னு எழுது புள்ள. சுருக்கா எழுது" என்றாள் அம்மா.

படித்த மனிதருக்கு இப்படியா எழுதுவது? அப்பா அலறிக்கொண்டிருக்கிறார், நான் நல்ல தமிழ் தேடிக்கொண்டிருக்கிறேன். 'என் தகப்பனாருக்குக் காலில் வீக்கம் கண்டுள்ளது. தயவுசெய்து வந்து பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சித்தப்பா மழையில் எடுத்துக்கொண்டு ஓடினார். அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கடிதம் மட்டும் உள்ளே போனது. ஒரு போத்தல் தைலம் வெளியே வந்தது.

அம்மா தேய்த்தாள். அப்பா வாயில் துண்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் தோல் வெடித்து நாற்றம் வந்தது. இன்னொரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால், முதலில் என்ன எழுதினாய் என்று கேட்பார்களே. அந்தப் பயத்தில் இன்னும் ஒரு நாள் போனது. லொறி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள்.

அப்பாவைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்த டாக்டரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுவாள். "எம் புள்ள அவ்வளவு வெளக்கமா எழுதிக் குடுத்திச்சே. படிச்சும் வரலியே அந்தப் பாவி, அவன் கை வெளங்குமா?"

நான் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பேன். அவள் சாகும்வரை அந்த மனிதரைத்தான் சபித்தாள். நான் சபிக்க விட்டேன்.