நாற்பதாம் நாள் சாம்பார்

சைகோனில் ஓர் இந்திய உணவகத்தில் ஆறு வருஷம் சமையல்காரனாக இருந்தேன். நான் சைவம். பிரியாணிக்கு உப்புப் பார்க்க வேறு ஆளைக் கூப்பிடுவேன். முதலாளிக்கு அது ஆகாது. பிடிக்காத வேலைதான், பிள்ளைகள் படிப்புக்காக விடவில்லை.

ஆறாவது வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். எனக்கென்று தனிப் பாத்திரத்தில் நானே சமைத்துக்கொண்டேன். முதலாளியும் வழக்கப்படி என்னைச் சாமி என்றே கூப்பிட்டார். நாற்பதாம் நாள் மதியம், “இன்னிக்கு சாமிக்கு நான்தான் பரிமாறுவேன்” என்று என் பாத்திரத்துச் சாம்பாரை அவரே ஊற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“சாமி, சாம்பார் எப்படி?”

“நல்லா இருந்துச்சு முதலாளி.”

“இருக்காதா பின்ன? ஆட்டெலும்பு வேகவெச்ச தண்ணிய அதுல ஊத்திருக்கேன்ல! இனிமே உப்ப நீங்களே பாருங்க சாமி.”

அடுப்படியே சிரித்தது. வாசலில் வாந்தியெடுத்துவிட்டு, அப்படியே வேலையை விட்டு வந்துவிட்டேன்.

“ஆறு வருஷமா ஊருக்கே அதத்தானே ஆக்கிப் போட்டீங்க? உங்க வாய்க்குள்ள போனா மட்டும் பாவமா?” என்றாள் மனைவி. விரதம் கெட்டதென்று மாலையைக் கழற்றினேன். மலைக்குப் போக எடுத்த டிக்கெட் வீணானது.

இப்போது சைகோனின் தூ டுக் பகுதியில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து சைவச் சாப்பாடு அனுப்புகிறேன். வெள்ளிதோறும் மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி, அந்த ஆள் அடுப்பு அவியட்டும் என்று வேண்டுகிறேன். அவர் பணக்காரர்கள் குடியிருக்கும் பூ மி ஹங் பகுதியில் இரண்டாவது கடை திறந்துவிட்டார். நான் வேண்டுவதை நிறுத்தவில்லை.