வெறும் வண்டியின் பின்கதவு

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. சண்டை ஓய்வதும் மறுபடி மூளுவதுமாக இருந்த காலம். மன்னார் தீவில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் நான் சிற்றூழியராக இருந்தேன். தரை கழுவ வேண்டும், படுக்கைத் துணி மாற்ற வேண்டும், அம்புலன்ஸ் வந்து நின்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரை இறக்க வேண்டும்.

எங்கள் குடும்பம் மலைநாட்டிலிருந்து இனக்கலவரத்துக்குப் பிறகு வந்து அடம்பன் பக்கம் குடியேறியது. தேயிலைத் தோட்டத்தில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆஸ்பத்திரியில் சிங்களம் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் இந்தச் சம்பவத்துக்குள் நானும் வந்தேன்.

அம்புலன்ஸ் சாரதி பேசாலைக்காரர். நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது, பெரிய பகிடிக்காரர். என் மலைநாட்டுப் பேச்சை அப்படியே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பார். அப்படிப்பட்டவர் அந்த வருடம் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனாலும் உள்ளே படுப்பதில்லை, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தே விடிய வைக்கிறார் என்று அவருடைய மனைவி எங்கள் மிஸ்ஸிடம், அதாவது தலைமைத் தாதியிடம், சொல்லி அழுதாராம்.

ஒரு நாள் மத்தியானம், சுகமாகிய ஒரு நோயாளியை அடம்பனில் இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் வெறும் வண்டியோடு திரும்பினோம். தீவுக்கு வரும் பாலத்தில் பாதி தூரம் வந்ததும் திடீரென்று வண்டியை நிறுத்தினார். அந்தப் பாலத்தில் எந்த வண்டியும் நிற்கக்கூடாது. இரண்டு முனையிலும் ஆமி நின்றது. அவர் இறங்கிப் பின்னால் போனார். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏண்ணே நிப்பாட்டுனீங்க?" என்று நானும் இறங்கி ஓடினேன். திறந்த கதவைப் பிடித்தபடி வெறும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அந்தப் பக்கமிருந்து விசில் அடித்தார்கள். இரண்டு ஆமிக்காரர் துவக்கை நீட்டியபடி எங்களை நோக்கி வந்தார்கள். நான் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு சிங்களத்தில் கத்தினேன். சுடாதீர்கள், கதவு சரியாகப் பூட்டவில்லை, அதைத்தான் பார்க்கிறார் என்றேன். என் சிங்களம் கேட்டதும் துவக்குகள் தாழ்ந்தன. ஏசிவிட்டு எங்களைப் போகவிட்டார்கள்.

மறுபடி வண்டியில் ஏறினோம். அவருக்கு ஆமி வந்தது கூட மனதில் பதியவில்லை போலிருந்தது.

"பின்னால ஆரும் இருக்கினமோ எண்டு பாத்தனான், பிள்ளை" என்றார்.

அதற்கு மேல் மறைக்க முடியாது என்று நான் மிஸ்ஸிடம் சொன்னேன். அந்த நாட்களில் சுகாதாரத் திணைக்களம் தெற்கிலிருந்து ஒரு மனநல வைத்தியரை மாதம் ஒரு முறை அனுப்பிக்கொண்டிருந்தது. நோயாளிகள் மட்டுமல்ல, காயக்காரரைத் தூக்கி இறக்கும் ஊழியரும் அவரிடம் போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் எங்களில் ஒருவரும் போகவில்லை. "எங்களுக்கென்ன விசரே?" என்று, பைத்தியக்காரரா நாங்கள் என்கிற மாதிரி, சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இந்த முறை மிஸ் விடவில்லை. சாரதியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். வைத்தியருக்குத் தமிழ் அரைகுறை. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. அவர்கள் இருவரும் கதிரையில் இருந்தார்கள், நான் சுவரோரம் நின்றேன். டொக்டர்மாரின் அறையில் சிற்றூழியர் உட்காருவது வழக்கமில்லை. அவர் சொல்வதைச் சொல்கிறபடியே சொல்லுங்கள், 'அவர்' என்று மாற்றாதீர்கள், 'நான்' என்றே சொல்லுங்கள் என்றார் வைத்தியர்.

சாரதி நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். அடம்பனுக்கு அப்பால் ஷெல் விழுந்த ஒரு நாள், காயப்பட்ட இளம்பெண் ஒருத்தியை ஏற்றியிருக்கிறார். கூட வர ஆளில்லை. இவர் ஓட்டிக்கொண்டே பின்னால் குரல் கொடுத்திருக்கிறார். பயப்படாத பிள்ளை, கிட்ட வந்திட்டம் என்பார். அவள் "ஓம் அண்ணை" என்பாள். பாலத்தில் ஏறும்வரை பதில் வந்தது.

"நடுப் பாலத்தில பதில் நிண்டு போச்சு. நிப்பாட்டினால் சுடுவாங்கள். நான் ஓடினன். ஓடிக்கொண்டு கதைச்சுக்கொண்டே வந்தனான். கதவைத் திறந்தால்..."

நான் அதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் ஓடினேன், நான் கதைத்துக்கொண்டே வந்தேன், நான் கதவைத் திறந்தேன். அங்கே நான் நிறுத்திவிட்டேன். எனக்குச் சிங்களச் சொல் வரவில்லை என்று நினைத்து வைத்தியர் காத்திருந்தார். சொல் எனக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சரை இழுக்கக் கைநீட்டி நின்றதும் நான்தான். அவளுடைய கை என் கழுத்தில் உரசித் தொங்கியது. அன்றைக்கு முகம் கழுவிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனேன். பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவரும் இல்லை.

சாரதி நிமிர்ந்து பார்த்தார். "அவவை நீர்தானே பிள்ளை இறக்கினனீர்?"

நான் தலையாட்டினேன். வைத்தியர் எழுந்து மூலையில் கிடந்த கதிரையைத் தானே தூக்கிவந்து போட்டார். "நீங்களும் இருங்க" என்றார் தன் தமிழில். இருந்தேன். இருந்ததும் அழுகை வந்துவிட்டது.

அழுது முடிந்த பிறகு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அவளை இறக்கிய அன்று கடமையில் இருந்த டொக்டர் எங்கள் முன்னால் சொன்னது. உள்ளே பெரிய இரத்தக் குழாய் அறுந்திருக்கிறது, வண்டியை நிறுத்தியிருந்தாலும் யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று. இதைச் சாரதியிடம் போய்ச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர் அடுத்த காயக்காரரை எடுக்கப் புறப்பட்டுப் போயிருந்தார்.

"நீங்க நிப்பாட்டியிருந்தாலும் அவ பொழச்சிருக்க மாட்டாண்ணே. டொக்டர் சொன்னதை நான் என் காதால கேட்டேன்."

"மெய்யே?" என்றார். இன்னொரு முறை கேட்டார். பிறகு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வைத்தியர் என்ன சொன்னீர்கள் என்று என்னிடம் கேட்கவே இல்லை. வெளியே போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

அதன் பிறகு வைத்தியர் வந்த மாதங்களில் எல்லாம் நாங்கள் போனோம். மற்ற ஊழியரும் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். காயக்காரரோடு பின்னால் ஒரு ஊழியர் கட்டாயம் போக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒழுங்கு செய்தார்கள். சாரதிக்கு நீண்ட ஓய்வு வேண்டும், இன்னொரு சாரதியை அனுப்புங்கள் என்று வைத்தியர் மேலிடத்தைக் கேட்டார். சாரதி வீட்டுக்குள் படுக்கிறார் என்று மிஸ் ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னார். என் பேச்சைப் பேசிக்காட்டும் பகிடி கூட ஒன்றிரண்டு முறை திரும்ப வந்தது.

பிறகு சண்டை பெருத்துப் பாதை பூட்டுப்பட்டது. வைத்தியரால் வர முடியவில்லை. பாதை திறந்த பிறகும் அவர் வரவில்லை, வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. மாற்றுச் சாரதியும் வரவில்லை. காயக்காரர் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் சாரதி ஓட்டிக்கொண்டே இருந்தார். மறுபடி பேச்சுக் குறைந்தது. மறுபடி வாசலில் கதிரை போட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பக்கத்தில் இருந்து ஏதாவது கதைத்துப் பார்ப்பேன். "உமக்கும் கஷ்டம்தானே பிள்ளை" என்று எழுந்து போய்விடுவார்.

ஒரு நாள் காலை வேலைக்குப் புறப்பட்டவர் வீட்டு வாசலிலேயே விழுந்துவிட்டார். இருதயம் என்றார்கள். பேசாலையில் மாதா கோயில் நிறையச் சனம். அவர் ஏற்றிவந்து உயிர் தப்பியவர்கள் எத்தனையோ பேர் வரிசையில் நின்று பெட்டியைத் தொட்டு அழுதார்கள். சுகாதாரத் திணைக்களத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. புதிய சாரதி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்.

நான் ஓய்வு பெற்று இப்போது வீட்டோடு இருக்கிறேன். அந்த அரசாங்கம் எங்களுக்கு ஒன்றுமே தரவில்லை என்று யாராவது சொன்னால் என்னால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. தந்தது, சில மாதங்கள் தந்தது, அது பலித்ததை நான் கண்ணால் கண்டேன். பலித்ததைக் கண்டதால்தான், அது நின்றுபோனதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.