விரதத்திலே விழுங்கிய குழாய்

என் தங்கச்சி நாகேஸ்வரியைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன்தான் நான். ஆனாலும் கொடிகாமச் சந்தைக்குச் சொந்த லொறியிலே மரக்கறி ஏற்றியவன். அங்கே என் சொல்லுக்கு மறுசொல் இல்லை. மறுத்துக் கதைத்த ஒரே ஆள் இவள்தான்.

கோப்பாயிலே என் வளவுக்கு அடுத்த வளவு அவளுடையது. புருசன் செத்த பிறகு தனியாக நின்று வெங்காயம் நட்டு, இறைத்து, இரண்டு பெட்டைகளைக் கட்டிக் கொடுத்தவள். கந்தசட்டி வந்தால் மிளகு விரதம் பிடிப்பாள். முதல் நாள் ஒரு மிளகு, அடுத்த நாள் இரண்டு, அப்படியே ஏறும், மற்றபடி தண்ணீர்தான். முழங்கால் குத்துக்கு நோக்குளிசையும் அந்த வெறுவயிற்றிலேயே போடுவாள். கேட்டால், "மருந்து சாப்பாடில்லை அண்ணை, விரதம் முறியாது" என்பாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு விரதத்திலே அவளுக்கு வயிற்றாலே கறுப்பாய்ப் போயிருக்கிறது. மிளகுதான் அப்படிப் போகுதாக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். ஐந்தாம் நாள் காலை கிணற்றடியிலே இரத்தமாய்ச் சத்தி எடுத்து விழுந்தாள். லொறியிலே ஏற்றி, ஆமிக்காரன் மறித்துச் சோதிக்கிற சென்றிக்குச் சென்றி இறங்கிக் கதைத்து, பட்டினத்து ஆசுப்பத்திரியிலே சேர்த்தேன். வேறொருவன் என்றால் முதல் சென்றியிலேயே திரும்பியிருப்பான்.

டொக்டர் தேவராசா இளந்தாரி, ஆனால் விசயகாரன்.

"இரைப்பையிலை புண் வெடிச்சு இரத்தம் போகுது ஐயா. வாயாலை குழாய் விட்டு, புண்ணைப் பார்த்து அதிலையே ஊசி போட்டால் நிப்பாட்டலாம். வயித்தை வெட்டினால் இவ தாங்கமாட்டா. கடைசியாய் என்ன சாப்பிட்டவ?"

"நாலு நாளாய் மிளகும் தண்ணியும்தான்."

"அப்ப இப்பவே செய்யலாம்."

நாகேஸ்வரி வாயை இறுக்கி மூடினாள். பிறகு, "நாளைக்குச் சூரன்போர் முடியாமல் உந்தக் குழாய் என்ரை வாய்க்குள்ளை வராது" என்றாள்.

"இரத்தம் ஏத்துகினமே, அது?" என்று கேட்டேன்.

"அது கையாலைதானே போகுது!"

சாகக் கிடந்தும் வாய் குறையவில்லை. நாடி விழுந்துகொண்டே போனது. டொக்டர் என்னைப் பார்த்தார்.

"எடியே, குளிசை விழுங்கினனி தானே?" என்றேன்.

"அது மருந்து."

"இது மருந்தைக் கொண்டுபோற குழாய். குளிசையாவது உள்ளுக்கை கரைஞ்சு நிண்டிடும். இது வேலை முடிய வெளியிலை வந்திடும். இப்ப எது சுத்தம், சொல்லு!"

அவள் டொக்டரிடம் திரும்பினாள். "முழுக்க வெளியிலை எடுப்பியளோ?"

"ஒரு சாண்கூட உள்ளை விடமாட்டன் அம்மா."

"அப்ப விடுங்கோ. அண்ணை, நீங்கள் நிண்டு பாருங்கோ."

ஓங்காளித்துக்கொண்டே விழுங்கினாள். என் மணிக்கட்டிலே அவள் நகம் பதிந்தது. டொக்டர் குழாயின் மேல்முனையிலே ஒரு கண்ணை வைத்து, உள்ளே ஊசியை விட்டார். இரத்தம் நின்றதும், "ஐயா, வாங்கோ" என்று எனக்கும் காட்டினார். சிவந்த சுவர், நடுவிலே வெளிறிய புண், அதிலே ஒரு கறுத்த பொட்டு. எங்கள் வலிகாமத்திலே எத்தனையோ பேர் கிணறு எட்டிப் பார்த்திருப்பார்கள். தங்கச்சியின் வயிற்றுக்குள்ளே எட்டிப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஏழாம் நாள் ஆறின பால் கொடுக்கச் சொன்னார்கள். திருநீறு பூசிவிடச் சொல்லி, கட்டிலிலேயே பாரணை முடித்தாள். பிறகு பக்கத்துக் கட்டில் மனுசியிடம், "குழாயும் விழுங்கினனான், விரதமும் முறியேல்லை" என்று பெருமை பேசினாள்.

என் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதனால்தான் இதை நானே எழுதுகிறேன்.