பேர் வெட்டின தூக்கு

எங்கள் அப்பா ஒரு திட்டம் போட ஆரம்பித்துவிட்டால் வீட்டில் ஒருத்தரும் நிம்மதியாக இருக்க முடியாது. அருப்புக்கோட்டையில் எங்களுக்கு மிளகாய் வத்தல் கடை. வெளியூருக்கு லோடு அனுப்பி அனுப்பிப் பழகிய மனிதர், குடும்பத்தையும் ஒரு லோடாகவே நினைப்பார். எத்தனை மணிக்கு ஏற்றுவது, எந்த இடத்தில் இறக்குவது, மழை வந்தால் எதைப் போட்டு மூடுவது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு சனி ஞாயிறு எல்லாரும் திருச்செந்தூர் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்னது மாசியில். கிளம்பும்போது ஆனி பிறந்துவிட்டது.

இடைப்பட்ட மாதங்களில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? கடை சாத்திவிட்டு வந்ததும் பாயில் வத்தலைப் பரப்பி வைத்துப் பாடம் நடத்துவார். ஒரு வத்தல் அருப்புக்கோட்டை, அடுத்தது பந்தல்குடி, அதற்கடுத்தது எட்டயபுரம். நீளமாக ஒன்றை எடுத்துத் தூத்துக்குடி என்பார். அங்கே இறங்கிக் கப்பல் பார்க்க வேண்டும், பிறகு பஸ் மாற வேண்டும். கடைசி வத்தலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்து, “இங்கன கடலு” என்பார். நாங்கள் தும்மிக்கொண்டே தலையாட்டுவோம். மறுநாள் அத்தனையும் மாறியிருக்கும். மறுபடியும் வத்தல், மறுபடியும் தும்மல்.

முதல் நாள் பாடத்தில் அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொன்னார். “ரெண்டு நாளும் நீ அடுப்பப் பத்த வைக்க வேண்டாம். எல்லாம் ஓட்டல்ல பாத்துக்கிடுவோம்.”

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். கடலும் கப்பலும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மறுநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். “ஏத்தா, ஓட்டல்ல இலையப் போட்டு நம்மள உக்கார வச்சிருவாகளாம். சாம்பாரு வேணுமா, ரசம் வேணுமான்னு கேட்டுக் கேட்டு ஊத்துவாகளாம். நான் இந்த வீட்டுக்கு வந்து எம்புட்டு வருசமாச்சு? இன்னுங் கொஞ்சம் போடட்டுமான்னு என்னைய ஒருத்தராவது கேட்டிருப்பாகளா?”

நான் முடியை இழுக்காதே என்று கத்தினேன். எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

அந்த வாக்கியத்தைத்தான் ஒவ்வொருவராக வந்து பிய்த்துத் தின்றார்கள். எங்களோடேயே இருந்த பெரியப்பா, ஓட்டல்காரன் எல்லாத்திலும் சோடா உப்பைப் போடுவான், தன் வயிற்றுக்கு ஆகாது என்றார். சனிக்கிழமை காலைக்கு இட்லி கட்டிக்கொள்வதாக முடிவாயிற்று. பஸ் பிந்தினால் பிள்ளை பசி தாங்காது என்று அப்பா யோசித்தார். மத்தியானத்துக்குத் தயிர்சாதம் சேர்ந்தது. பாலவனத்தத்தில் இருந்த அத்தைக்கு எப்படியோ சேதி போய், நானும் வாரேன் என்று பையோடு வந்து இறங்கினாள். இறங்கியவள் சும்மா இருந்தாளா? “தம்பி, காசக் கொண்டு போயி ஓட்டல்ல கொட்டாத. புளியோதரை ரெண்டு நாளைக்கு அசையாது. ராத்திரிக்கும் மறுநாளைக்கும் சேத்துக் கிளறிரட்டும்” என்று தீர்ப்புச் சொன்னாள்.

அம்மா கரண்டியை டங்கென்று தரையில் போட்டாள். “அப்பறம் எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுங்கிறேன்? இங்கனயே கம்மாக்கரையில உக்காந்து தின்னுட்டு வந்துருவோம். நல்லா வருது வாயில!”

அம்மா சத்தம் போட்டு அதுவரை நான் கேட்டதில்லை. அப்பா பயந்துபோனார். “சரி, சரி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஓட்டல்தான். இது எம் பொறுப்பு” என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. “ஆனா ஒண்ணு. புளியோதரை மிஞ்சுச்சுன்னா அதத் தின்னு தீத்துட்டுத்தான். சோத்தக் கொட்டுறது பாவம்” என்றும் சேர்த்துக்கொண்டார். உடனே அத்தை எழுந்து போய் உலையில் போட இன்னும் ஒரு படி அரிசியை அளந்து வைத்தாள். எப்படி இருக்கும் அம்மாவுக்கு?

புளியோதரைக்கென்று ஒரு பெரிய பித்தளைத் தூக்கு இருந்தது. அம்மாவுக்குச் சீராக வந்தது. பயணத்துக்காகவே அப்பா அதற்குப் புதிதாக ஈயம் பூச வைத்திருந்தார். அம்மாவின் அப்பா ரொம்ப முன்ஜாக்கிரதைக்காரர். பாத்திரம் எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்று மகள் பெயர், மாப்பிள்ளை பெயர், வத்தல் கடை, தெரு, ஊர் வரைக்கும் சுற்றிவரப் புள்ளி புள்ளியாக வெட்டச் சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு அவள் ‘இந்தா’. அத்தைக்குத் ‘தம்பி பொண்டாட்டி’. பெரியப்பாவுக்கு ஒரு கனைப்பு. அம்மாவின் பெயரை நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே அந்தத் தூக்கில்தான்.

சனிக்கிழமை விடியக்காலை பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பஸ் வந்ததும் அப்பா லோடு ஏற்றுவது போல எங்களை விரட்டினார். அம்மா தூக்கைக் காலால் பெஞ்சுக்கு அடியில், சுவர் ஓரமாகத் தள்ளியதை நான் பார்த்தேன். பத்திரமாக வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். ஊர் தாண்டியதும் அவள் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்க்க வேண்டுமே! ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என்னிடம் வரிசையாகப் பனைமரம் காட்டினாள்.

பந்தல்குடியில் டீக்கு நிறுத்தியிருந்தார்கள். பின்னாலேயே வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் ஒருவர் குதித்து, எங்கள் தூக்கை ஆட்டிக்கொண்டு எங்கள் பஸ்ஸில் ஏறினார். அம்மாவின் பெயரைச் சத்தமாக வாசித்து, “யாரும்மா அது? பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரு குடுத்து விட்டாரு” என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“பேரு வெட்டுனதோட அருமை இப்பத் தெரியுதா?” என்று அப்பா பஸ்ஸுக்கே சொன்னார். பெரியப்பா அம்மாவின் அப்பாவுடைய புத்திசாலித்தனத்தை எட்டயபுரம் வரைக்கும் புகழ்ந்துகொண்டு வந்தார்.

தூத்துக்குடியில் கப்பல் பார்த்தோம். தூரத்தில் நின்றது, ஒன்றும் செய்யவில்லை. திருச்செந்தூரில் சத்திரத்தில் இடம் பிடித்தோம். ராத்திரி அம்மா எங்களைப் புளியோதரையால் அடைத்தாள். போதும் போதும் என்று கையை மறித்தாலும் விடவில்லை, விரலிடுக்கு வழியாகப் போட்டாள். எனக்கு மூச்சு முட்டியது. அப்படியும் அத்தை அளந்து போட்ட அந்தப் படி அரிசி தூக்கின் அடியில் அசையாமல் கிடந்தது.

மறுநாள் காலையில் கடலில் குளித்து, கோயிலில் சாமி கும்பிட்டு முடிக்க மத்தியானமாகிவிட்டது. கையில் தூக்கு இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஓட்டல் இருக்கும் தெருவை விசாரித்து வைத்திருந்தது அம்மாதான். ஈரத்தலையோடு எங்களுக்கெல்லாம் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். உள்ளே வரிசையாக இலை போட்டு ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சாம்பார் வாசனை தெருவரைக்கும் வந்தது. அம்மா முதல் படியில் கால் வைத்துவிட்டாள்.

பின்னாலிருந்து யாரோ அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். சத்திரத்துக் காவல்காரர், வேர்க்க விறுவிறுக்கத் தூக்கோடு வந்து நின்றார். “நல்லவேள, பேரு இருந்துச்சு. மூலையில கெடந்துச்சும்மா. கோயில் வாசல்ல, கடக்கரையில எல்லாம் கூப்பிட்டுக்கிட்டு அலையுறேன்.” நல்ல மனிதர். அப்பா கொடுத்த காசைக்கூட வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அப்பா ஓட்டலைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார். அம்மா மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய், “லேசா வாடை அடிக்கிற மாதிரி இல்ல?” என்றாள். பெரியப்பா ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சோடா உப்புக்குப் பயந்த அதே வயிறு. “நேத்தையவிட இன்னைக்குத்தான் ருசியா இருக்கு. என்னா கைப்பக்குவம்!” என்றார். அம்மாவை அவர் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். போயும் போயும் அன்றைக்குத்தானா அந்தப் பாராட்டு வர வேண்டும்?

அம்மா படியிலிருந்து காலை எடுத்தாள்.

கடற்கரையில் ஒரு மண்டபத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா நின்றுகொண்டு பரிமாறினாள். “இன்னுங் கொஞ்சம் போடட்டுமா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். கடைசியில் தூக்கை வழித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். கடலைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பியதும் அம்மாவுக்கு மறதிக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அத்தை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அப்பா மறுபடியும் வத்தலைப் பரப்பினார். இந்தத் தடவை ராமேஸ்வரம். செம்பை வைத்து, “இங்கன கடலு” என்றார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனாள். பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு எல்லாரும் எவர்சில்வர் வாங்கிக்கொண்டிருந்த காலம். அம்மா தூக்கைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சீர்ப் பாத்திரமாச்சேம்மா, போட மனசு வருதா?” என்றார் கடைக்காரர்.

“எடுத்துக்கிடுங்கண்ணே.”

அதே அளவில் ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து வைத்தவர், பெயர் வெட்டுகிற உளியையும் சின்னச் சுத்தியலையும் கையில் எடுத்துக்கொண்டார். “பேரச் சொல்லும்மா, வெட்டித் தாரேன். அதுக்குக் காசு கிடையாது.”

“பேரெல்லாம் வேண்டாண்ணே. அப்படியே குடுங்க.”

வழி நெடுக அவளோடு சண்டை போட்டேன். பேர் இருந்ததால்தானே ரெண்டு தடவையும் கிடைத்தது? ராமேஸ்வரத்தில் மறந்து வைத்துவிட்டு வந்தால் யார் கொண்டுவந்து தருவார்கள்? அம்மா காதில் வாங்கவே இல்லை. புதுத் தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள். இத்தனை மறதியை வைத்துக்கொண்டு இந்த அம்மாவுக்குச் சிரிப்பு வேறா என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.