மூன்று பேர் சீட்

காலையில் லோக்கல் ரயிலில் என் பக்கத்தில் இருந்த அம்மா, கட்டிக்கொடுத்த மகளிடம் போனில் பேசிக்கொண்டு வந்தார்.

"அடிச்சா இன்னா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

மாமியார் சோறு போடவில்லையாம். அதற்கும் அட்ஜஸ்ட். வேலையை விடச் சொல்கிறார்களாம். அதற்கும் அதேதான்.

"ஊட்டுக்கு மட்டும் வந்துடாத."

திருநின்றவூரில் ஒரு கர்ப்பிணி ஏறினாள். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொள்வது இங்கே வழக்கம்தான்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா."

அம்மா போனைப் பொத்திக்கொண்டார். "மூணு பேர் சீட்டு. நான் எதுக்கு அட்ஜஸ்ட் பண்ணணும்?"

எழுந்து அவளுக்கு இடம் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "உங்க பொண்ணு வந்து நின்னாலும் இதையேதான் சொல்வீங்களா?"

"அதத்தான் காலைலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்."

இந்த அட்ஜஸ்டுக்குத் தமிழில் என்னவென்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள். எனக்குத் தோன்றுவதெல்லாம் கெட்ட வார்த்தைகள்.